இருட்டும் வேண்டும்

கிறிஸ்துமஸ் கள்ளி பூக்கவில்லை என்றால் உரத்தைக் குறை சொல்லாதீர்கள். வீட்டு விளக்கைப் பாருங்கள்.

எங்கள் குன்னூர் வீட்டில் என் மனைவி வளர்த்த செடி, அவள் போனபின் இரண்டு டிசம்பர் மொட்டே விடவில்லை. தனிமைக்குப் பயந்து கூடத்து விளக்கை விடிய விடிய எரியவிட்டவன் நான்தான்.

பெயர்தான் கள்ளி. பாலைவனச் செடியல்ல, பிரேசில் மலைக்காட்டு மரக்கிளைகளில் வளர்வது. மேல்மண் காய்ந்தால் தண்ணீர், கொஞ்சம் இளவெயில் போதும். ஆனால் மொட்டு விட, ஆறு வாரமாவது இரவில் 12 முதல் 14 மணி நேரம் முழு இருட்டு வேண்டும், குளிரும் வேண்டும்.

சென்ற அக்டோபரில் தினமும் மாலை ஆறு மணிக்குத் தொட்டியை அவளுடைய தையல் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். காலையில் ஜன்னலோரம். மொட்டு கண்டபின் இடம் மாற்றவில்லை, மாற்றினால் உதிரும். டிசம்பரில் பூத்தது.

இப்போது நானும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.