குடம் நிரம்பும் சத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிறு பொத்தேரி வீட்டில் வளைகாப்பு. சாப்பாட்டுக்கு முன்னால் பேரன் தன் லேப்டாப்பில் தானே செய்த ஆறு நிமிட இசை ஒன்றைப் போட்டான். எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் என்கிறார்களே, அந்த வகை. ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. "என்னடா இது, மாவு மில் ஓடுற மாதிரி ஒரே சத்தம்" என்றார் என் மைத்துனர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவன் லேப்டாப்பை மூடிக்கொண்டு மாடிக்குப் போனவன் சாப்பிடக்கூட இறங்கி வரவில்லை.

ராத்திரி மாடிக்குப் போய், "முழுசா போடுடா" என்றேன். இரண்டு முறை கேட்டேன். நாங்கள் சிரித்தது தப்பு. கூடத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்ததால், இதையும் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

முதலில் தும் தும் என்று அடி மட்டும். அதன்மேல் நாலைந்து ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப. மூன்றாவது நிமிடத்தில் பார்த்தால் அதே ஸ்வரங்கள் வேறு ஏதோவாக மாறியிருந்தன. எந்த இடத்தில் மாறின என்று என்னால் சொல்ல முடியவில்லை. திரையில் அவன் ஒரு சாய்கோட்டைக் காட்டினான். "இதுதான் தாத்தா ஃபில்டர். இரண்டு நிமிஷம் மெதுவா திறக்குது."

நம் ஊர்க்காரர்களுக்கு ஃபில்டர் புதிதல்ல. கல்லூரி விழா நடக்கும் இரவில் நம் மாடியில் என்ன கேட்கிறது? வெறும் தும் தும். தாழ்ந்த அதிர்வெண்கள் சுவரைத் தாண்டி வரும். உயர்ந்தவை வழியிலேயே தேய்ந்துவிடும். மேடையை நோக்கி நடக்க நடக்கப் பாட்டு, குரல், கடைசியில் ஜால்ரா போன்ற கூர்மையான ஒலிகள் என்று ஒவ்வொன்றாகச் சேரும். அந்த நடையை, கேட்பவரை உட்கார வைத்துக்கொண்டே ஃபில்டர் செய்துவிடுகிறது. (இரவு பதினொன்றுக்கு மேல் ஸ்பீக்கர் வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. அது வேறு சண்டை.)

ஃபில்டருக்குப் பக்கத்திலேயே இன்னொரு குமிழ். பெயர் ரெசொனன்ஸ். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷம் நான் நடத்திய ஒத்ததிர்வு! 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பிடித்து, குழாயில் காற்றுத் தம்பத்தின் நீளத்தை மெல்ல மாற்றுவோமே, ஓரிடத்தில் ஒலி குபீரென்று எழும்பும். லேப் நோட்டில் அளவைக் காப்பியடித்தவர்களுக்கும் அந்தச் சத்தம் நினைவிருக்கும்.

அதைவிட எளிது தண்ணீர்க் குடம். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அடுப்படியில் வேலை பார்ப்பவருக்கு, எட்டிப் பார்க்காமலே தெரியும், குடம் நிரம்பப் போகிறது என்று. காற்றுத் தம்பம் குறுகக் குறுகச் சுருதி ஏறும். கடைசி நொடிகளில் கால் தானாக ஓடும். இந்த இசையில் 'பில்ட்-அப்' என்பது அந்தக் கடைசி நொடிகள்தான். நிமிடத்துக்கு 128 அடி என்றால் 32 அடிக்குச் சரியாக 15 விநாடி. அந்த 15 விநாடி அடியை எடுத்துவிட்டு, சுருதியை ஏற்றி, சின்ன முரசைப் பொடிப்பொடியாக்கி, பிறகு அடியைத் திரும்ப விடுகிறார்கள். கூட்டம் குதிக்கிறது.

வெளிநாட்டுச் சரக்கு என்றும் ஒருவர் சொன்னார். ரோலண்ட் என்ற ஜப்பான் கம்பெனி 1981-ல் டிபி-303 என்றொரு சின்னப் பெட்டியை வெளியிட்டது. பேஸ் கிடாருக்கு மாற்றாக வந்தது, விற்கவில்லை, 1984-ல் நிறுத்திவிட்டார்கள். பழைய பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழுவினர், ஒரே ஸ்வர வரிசையை ஓடவிட்டுக் குமிழை மட்டும் திருகித் திருகி 1987-ல் 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற வகை அங்கிருந்து வளர்ந்தது. ஆனால் அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1982-ல், பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் அதே பெட்டியையும் பயன்படுத்திப் பத்து ராகங்களை வாசித்துத் தட்டு போட்டுவிட்டார். நம் கல்யாணிக்கு இணையான யமனும், இந்தோளத்துக்கு இணையான மால்கௌன்ஸும் அதில் உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக அந்தப் பெட்டியில் வசதி இருந்தது, ராகத்துக்கு அது போதும். இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் நெதர்லாந்துக்காரர்கள் மறுபதிப்பு செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2015-ல் அவர் மறைந்தார்.

ஆலாபனையில் வித்வான் பஞ்சமத்தைத் தொடவே பத்து நிமிடம் எடுத்தால் நாம் தலையாட்டுகிறோம். பையன் இரண்டு நிமிடம் எடுத்தால் மாவு மில்லா?

எல்லாமே உசத்தி என்று சொல்ல வரவில்லை. முப்பது விநாடிக்கு ஒருமுறை 'உய்ய்ய்' என்று ஏற்றி இறக்கும் சோம்பேறிச் சரக்கும் நிறைய இருக்கிறது. ரீல்ஸில் குதிக்கும் இடத்தை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள். நிரம்பி வழியும் குடத்தை மட்டும் காட்டினால் யாருக்கு என்ன பதற்றம் வரும்? பேரன் செய்ததிலும் நாலாவது நிமிடம் இழுவைதான். சொன்னேன். "ஆமா தாத்தா, அதை இன்னும் மாத்தணும்" என்றான்.

அவன் அனுமதியோடு இணைப்பைக் கீழே முதல் கமெண்டில் போடுகிறேன். ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் அடி கேட்காது. ஆறு நிமிடம், நடுவில் நிறுத்தாமல். மைத்துனருக்குத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன். நீல டிக் வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.