பிழை யாருடையது?

மதுரை நகருக்குத் தெற்கே, அவனியாபுரம், பெருங்குடி ஆகிய ஊர்களை அடுத்துள்ள சமவெளியில் விமான நிலையம் அமைந்துள்ளது. அவ்வழியே செல்வோர், ஒருபுறம் ஆடு மேய்க்கும் சிறுவனையும், மறுபுறம் வானிலிருந்து தாழ்ந்து வரும் விமானத்தையும் ஒரே காட்சியில் காணலாம். விமானத்தைக் கண்டதும் நம் உள்ளம் அதனைச் செலுத்தும் விமானியை நினைக்கும். அதனைப் படைத்த பொறியியல் அறிவை வியக்கும். ஆனால், அந்நிலையத்தில் உயர்ந்து நிற்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும், அதனுள் அமர்ந்து விழிப்போடு பணிபுரிபவரையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

அவர் பணி எளியதன்று. எந்த விமானம் முதலில் இறங்க வேண்டும், எது காத்திருக்க வேண்டும், எது எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும் என்பவற்றை வரையறுத்து, வானொலி வழியே விமானிக்கு அறிவிப்பவர் அவரே. கண் காண்கிறது, செவி கேட்கிறது, மனம் கணக்கிடுகிறது, வாய் ஆணை பிறப்பிக்கிறது. இவை யாவும் ஒருங்கே நிகழ்கின்றன. சாலையில் நெரிசல் ஏற்பட்டால் வண்டியை நிறுத்திவிட்டுச் சிந்திக்கலாம். வானில் விமானத்தை நிறுத்தி வைத்துச் சிந்திக்க இயலுமோ?

வானப் பயணத்தில் நேரும் பிழைக்கு விலை உயிராகும். மதுரைச் சீமைக்கும் இத்துயர் தெரியாததன்று. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், மதுரையில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, சின்னமனூருக்கு அருகே மலையில் மோதியது. பகற்பொழுதாயினும் பார்வை தெளிவாக இல்லாத வேளை அது. விமானத்தில் இருந்த 31 பேரில் 21 பேர் மாண்டனர்.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், "யார் செய்த தவறு?" என்பதே நாம் கேட்கும் முதல் வினா. யாரேனும் ஒருவரைச் சுட்டி, "மனிதத் தவறு" என்று சொல்லிவிட்டால் நம் மனம் அமைதி அடைகிறது. ஆராய்ச்சி முடிந்துவிட்டதாகவும் கருதிவிடுகிறோம். அவ்வாறு கருதுவது பொருந்தாது என்பதே என் கருத்து. "மனிதத் தவறு" என்னும் சொல் ஆராய்ச்சியின் முடிவு அன்று. அதுவே அதன் தொடக்கம். நல்லறிவும் நற்பயிற்சியும் உடைய ஒருவர் ஏன் தவறினார் என்று அடுத்த வினாவைக் கேட்பவரே உண்மையை நெருங்குகிறார்.

அவ்வாறு கேட்டவர்களால் வளர்ந்த கல்வித்துறையே மனிதக் காரணியியல். மனிதனின் கண், காது, கை, நினைவு, களைப்பு ஆகியவற்றின் ஆற்றலையும் எல்லையையும் அளந்தறிந்து, அவற்றுக்கு ஏற்பக் கருவிகளையும் பணிமுறைகளையும் அமைப்பதே அதன் நோக்கம். இஃது உளநூலும் பொறியியலும் கைகோத்த துறை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானிகள் சிலர், தரையிறங்கிய பின் இறக்கை மடலை இயக்க வேண்டிய பிடிக்கு மாறாகச் சக்கரத்தை மடக்கும் பிடியை இழுத்துவிட்டனர். விமானம் ஓடுபாதையிலேயே வயிறு தேய விழுந்தது. விமானிகள் கவனமற்றவர்கள் என்றே பலரும் கருதினர். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்னும் உளநூல் அறிஞர் விமானத்தினுள்ளே சென்று பார்த்தார். இரு பிடிகளும் ஒரே வடிவில், அருகருகே அமைந்திருந்தன! ஒரு பிடியின் முனையில் சிறு சக்கர வடிவத்தையும், மற்றொன்றின் முனையில் ஆப்பு வடிவத்தையும் பொருத்துவதே அவர் கண்ட தீர்வு. கண் பாராமலே கை வேற்றுமையை அறிந்துகொண்டது. பிழையும் நீங்கியது.

பின்னர், பால் ஃபிட்ஸ் என்னும் பேரறிஞர் தம் துணைவரோடு, "விமானியின் பிழை" எனப்பட்ட 460 நிகழ்ச்சிகளைத் திரட்டி ஆராய்ந்து 1947இல் வெளியிட்டார். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, ஒரு கருவியை மற்றொன்றாக மாற்றிக் கையாண்டதால் நேர்ந்தவை. 1951இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைப் பற்றி அவர் தலைமையில் ஓர் அறிக்கை வெளிவந்தது. எப்பணி மனிதனுக்கு உகந்தது, எப்பணி பொறிக்கு உகந்தது என்று அஃது ஆராய்ந்தது. இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக அதனை இன்றும் போற்றுகின்றனர்.

இந்த அறிவு மேலை நாட்டார்க்கே உரியது என்று எண்ண வேண்டா. நம் உழவர் தம் உயரத்திற்கு ஏற்ப மேழியை அமைத்துக்கொண்டனர். ஏற்றம் இறைத்தவர் பாட்டுப் பாடிக்கொண்டே இறைத்தனர். அப்பாட்டினுள் எண்கள் வரும். இறைத்த சால்களின் எண்ணிக்கையை நினைவில் வைக்கவும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் சோர்வைப் போக்கவும் அப்பாட்டு உதவியது. மனித நினைவு தவறக்கூடியது என்பதை அறிந்து, அதற்குத் துணை தேடிய அறிவன்றோ அது!

சோர்வைப் பற்றி அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் நார்மன் மாக்வொர்த் என்னும் ஆங்கிலேயர். கடற்போர்க் காலத்தில், விமானங்களில் ரேடார் திரையை நோக்கி அமர்ந்திருந்தவர்கள் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்களைக் காணத் தவறினர். அதன் காரணத்தை அறிய அவர் ஒரு கடிகாரத்தைச் செய்தார். அதன் முள் நொடிக்கு ஒருமுறை ஒரு படி நகரும். எப்போதாவது ஒருமுறை இரு படி தாவும். அத்தாவலைக் கண்டு சொல்வதே வேலை. முதல் அரைமணி நேரத்திற்குள்ளேயே பார்ப்பவரின் விழிப்பு குறையத் தொடங்கியது. ஊக்கமின்மை அன்று அதற்குக் காரணம். மனித இயல்பே அது. ஆதலின், கோபுரத்தில் பணிபுரிவோர்க்குப் பணிநேரத்தை அளவோடு வகுத்தலும், இடையிடையே ஓய்வு அளித்தலும் சலுகைகள் ஆகா. அவை பயணிகளின் பாதுகாப்பிற்கு இன்றியமையாதவை.

நம் நாட்டிலேயே நிகழ்ந்த பெருந்துயர் ஒன்றும் இவ்வுண்மையை உணர்த்தும். 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை, டில்லியிலிருந்து மேலெழுந்த சவூதி அரேபிய விமானமும், டில்லியை நோக்கித் தாழ்ந்து வந்த கசகஸ்தான் விமானமும் அரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் உயிரிழந்தனர். முதல் விமானத்திற்கு 14,000 அடியும், அடுத்ததற்கு 15,000 அடியும் உயரமாக வரையறுக்கப்பட்டிருந்தன. கட்டுப்பாட்டு அலுவலர் இட்ட ஆணை சரியானதே. கசகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்திற்குக் கீழே இறங்கிவிட்டது.

"அவ்விமானியே குற்றவாளி" என்று சொல்லி நின்றிருந்தால் என்ன பயன் விளைந்திருக்கும்? அலுவலர் நோக்கிய ரேடார் திரை விமானத்தின் உயரத்தைக் காட்டவில்லை. வருவனவும் செல்வனவும் ஒரே வான்வழியைப் பயன்படுத்தின. இக்குறைகளையும் ஆராய்ந்ததனால்தான் வருகைக்கும் புறப்பாட்டிற்கும் வழிகள் பிரிக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் ரேடார் பயனுக்கு வந்தது. மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவி விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது. இறந்தவர் மீளார், எனினும் பின்வருவோர்க்குப் பாதுகாப்பு வளர்ந்தது.

அவ்வாறாயின், மனிதனை அகற்றிவிட்டு எல்லாவற்றையும் பொறியிடமே ஒப்படைத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். இவ்வினாவிற்கு விடை காணத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பேராசிரியர் ராஜா பரசுராமன். இந்தியாவில் பிறந்த இவர், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று 1972இல் பட்டம் பெற்றார். பொறியை அறிந்த பின் மனிதனை அறிய விரும்பி, ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளநூல் பயின்று 1976இல் முனைவர் ஆனார். அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கி 2015இல் மறைந்தார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் எதிர்காலத்தை ஆராய்ந்து 1998இல் வெளிவந்த ஒரு பெருநூலின் பதிப்பாசிரியர்களுள் இவரும் ஒருவர்.

1993இல் அவரும் அவர்தம் துணைவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் கலந்துகொண்டோர் பல வேலைகளை ஒருங்கே செய்தனர். ஒரு வேலையை மட்டும் தானியங்கிப் பொறி கவனித்தது. பொறி என்றும் ஒரே சீராகச் சரியாக இயங்கியபோது, மக்கள் அதனை முற்றும் நம்பிவிட்டனர். அது தவறியபோது அத்தவற்றைக் காணவில்லை. பொறியின் நம்பகம் ஏறியும் இறங்கியும் இருந்தபோதோ விழிப்போடு இருந்து கண்டுகொண்டனர். பொறி சிறக்கச் சிறக்க மனிதனின் விழிப்பு தளர்வதற்கு இடமுண்டு! பொறியை அளவுக்கு மீறி நம்புதலும் தவறு. நம்பாது ஒதுக்குதலும் தவறு. மனிதனை எண்ணாமல் பொறியை அவன்மேல் சுமத்துதல் அவற்றினும் பெருந்தவறு. பேராசிரியரின் ஆய்வுகளிலிருந்து நான் கற்கும் பாடம் இதுவே.

கருவியின்மேல் குறை கூறினால் கடமை தவறுவோர்க்கு அது சாக்காக முடியும் என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. வேண்டுமென்றே கடமை தவறுபவரைத் தண்டித்தல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால், நேர்மையாக உழைப்பவரின் பிழைக்கும் தண்டனை ஒன்றே விடை என்றால், அவர் அடுத்த முறை பிழையை மறைப்பார். மறைந்த பிழை திருந்தாது; திருந்தாத பிழை மீண்டும் நிகழும். அஞ்சாமல் எடுத்துச் சொல்லும் நிலை இருந்தால், ஒருவரின் பிழை ஊரார் அனைவர்க்கும் பாடமாகும்.

மாணவர்களே! இயற்பியலும் கணிதமும் கற்றுப் பட்டம் பெற்றவரும், பொறியியல் பட்டதாரிகளும் இக்கட்டுப்பாட்டுப் பணியில் சேரலாம். மதுரைப் பகுதியில் பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியற் கல்லூரி 1957 முதல் நடைபெற்று வருகிறது. ஆனால், இரும்பையும் மின்சாரத்தையும் மட்டும் கற்றால் போதாது. அவற்றைக் கையாளும் மனிதனையும் கற்றல் வேண்டும். கோபுரத்திற்கு மட்டுமன்று, மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் இவ்வறிவு தேவை. ஒரே நிறப் புட்டிகளில் வெவ்வேறு மருந்துகளை அருகருகே வைத்துவிட்டு, எடுத்துக் கொடுப்பவரை மட்டும் பழிப்பது முறையாகுமா?

இனி ஒருவர் பிழை செய்யக் காணும்போது, பழிப்பதற்கு முன் ஒரு நொடி நில்லுங்கள். அவர் எதைக் கண்டார், எதைக் காண இயலவில்லை, எத்தனை நேரம் உழைத்தார், அவர் கையில் இருந்த கருவி எத்தகையது என்று கேளுங்கள். பழி ஒருவரைத் தலைகுனியச் செய்யும். அவ்வினாக்களோ பல உயிர்களைக் காக்கும்.