எல்லை தாண்டும் முதல் காட்சி

2023 அக்டோபர் 19. விஜய் நடித்த ‘லியோ’ வெளியான நாள். தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கு. வித்தியாசம் ஐந்து மணி நேரம். ஆனால் களியக்காவிளையில் நிற்பவருக்கு அது சில நிமிட நடைதான். குமரி மாவட்ட ரசிகர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. இரவோடு இரவாக பைக்கைக் கிளப்பிக்கொண்டு கேரளத்துக்குள் போனார்கள்.

பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று திருவனந்தபுரம் நோக்கிப் போகும் அந்தச் சாலை சுமார் 30 கிலோமீட்டர். வழிநெடுக இரண்டு மொழியும் புழங்கும் கிராமங்கள். தமிழ்ப் படத்துக்கு இங்கே டப்பிங் தேவையில்லை. தியேட்டர் வாசலில் செண்டை மேளம் முழங்கும். கட் அவுட்டுக்குப் பாலாபிஷேகமும் உண்டு. விசிலுக்கு மொழி கிடையாது. ‘லியோ’ கேரளத்தில் முதல் நாளில் அள்ளிய வசூல், அதுவரை எந்த மலையாளப் படமும் அங்கே கண்டிராதது.

வேடிக்கை என்னவென்றால், இதே எல்லைக்காகத்தான் ஒரு காலத்தில் ரத்தம் சிந்தினார்கள். நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. போராட்டக்காரர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. பேரன்மார்களுக்கு அந்தக் கோடு இன்று டிக்கெட் எங்கே கிடைக்கும் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 2014 முதல் ‘மார்வெல் யுனிவர்ஸ் லைவ்’ என்ற நிகழ்ச்சி ஊர் ஊராகப் போனது. பெரிய உள்ளரங்கில் ஸ்பைடர்மேனும் அயர்ன்மேனும் நேரிலேயே தாவிக் குதிப்பார்கள், பைக்கில் பறப்பார்கள். ரசிகர்கள் இருக்கையில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். நம் ஊரில் எல்லாம் தலைகீழ். சூப்பர் ஹீரோ பத்திரமாகத் திரையில் இருக்கிறார். தாவுவதும் குதிப்பதும் ரசிகன்தான். அவனுக்கு ஸ்டன்ட் மாஸ்டரும் இல்லை, கீழே மெத்தையும் இல்லை.

அதன் விலை என்ன என்பது 2023 ஜனவரி 11 அன்று தெரிந்தது. அஜித்தின் ‘துணிவு’ நள்ளிரவுக் காட்சி. சென்னை கோயம்பேடு அருகே தியேட்டர் முன்னால், மெதுவாகப் போய்க்கொண்டிருந்த லாரி மீது ஏறிக் கொண்டாடிய 19 வயது இளைஞர் கீழே விழுந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் அதிகாலைக் காட்சிகளுக்கு அரசு தடை போட்டது. ‘லியோ’ தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 4 மணிக் காட்சி கிடைக்கவில்லை. 7 மணிக்காவது அனுமதிக்கலாமா என்று பரிசீலிக்கச் சொன்னது நீதிமன்றம். அரசு அதற்கும் மறுத்துவிட்டது.

அரசின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் 9 மணி உத்தரவு களியக்காவிளையோடு முடிந்துவிடுகிறது. 2024 செப்டம்பரில் ‘கோட்’, 2025 ஆகஸ்டில் ‘கூலி’ என ஒவ்வொரு பெரிய படத்துக்கும் இதே கதைதான்: தமிழ்நாட்டில் 9 மணி, கேரளத்தில் அதற்கு முன்பே. முன்பு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ளூர்த் தியேட்டருக்குப் போயிருக்கக்கூடிய பையன், தூக்கக் கலக்கத்தோடு, பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் போகிறான். ஆபத்து ஒழியவில்லை, மாநிலம் மாறியிருக்கிறது.

நேரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. 2024 டிசம்பர் 4 அன்று ஹைதராபாதில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சி நடந்தது அதிகாலையில் அல்ல, இரவில். நடிகர் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் இறந்தார். அவருடைய மகன் படுகாயமடைந்தான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் விஜய்யைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் 41 பேர் மாண்டார்கள். அங்கே தியேட்டரும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. கூட்டத்தைக் கொல்வது கடிகாரம் அல்ல. எத்தனை பேர் வருவார்கள், எந்த வழியாக வெளியேறுவார்கள், ஆம்புலன்ஸ் எப்படி நுழையும் என்று யாரும் முன்கூட்டி யோசிக்காததுதான்.

தென் மாநில அரசுகள் உட்கார்ந்து பேசி முதல் காட்சிக்கு ஒரே நேரத்தை வைத்தால் போதும், பாதி பைக்குகள் வீட்டிலேயே நிற்கும். டிக்கெட் இல்லாதவர்களைத் தியேட்டர் வாசலில் சேரவிடாமல் தடுப்பது தியேட்டர்காரர்களின் பொறுப்பு. நட்சத்திரங்களுக்கும் வேலை இருக்கிறது. திரையில் நூறு பேரை அடித்து வீழ்த்தும் நாயகன், ‘ஹெல்மெட் போடு, லாரி மீது ஏறாதே’ என்று படம் வெளியாகும் வாரத்தில் ஒரு நிமிடம் பேசினால், போலீஸ் தடியடியைவிட அது நன்றாக வேலை செய்யும்.

முதல் காட்சி பார்த்தவன் என்ற பெருமை ஊரில் மதியம் வரைதான் நிற்கும். அதற்காக விடிவதற்குள் புறப்பட்டுப் போன பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதே களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள தாய்மார்களின் கவலை.