கேமராவை எடுத்துட்டுப் போறீங்க, நெகட்டிவை என்ன பண்றீங்க?

கொஞ்சம் நீளமான த்ரெட். கொஞ்சம் கோபமாவும் இருக்கும். பழைய பிலிம் கேமரா வாங்கி, சரி பண்ணி வச்சுக்கிற பொழுதுபோக்கைப் பத்தி. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். அதனால வெளிய நின்னு கல்லெறியுறான்னு நினைக்க வேண்டாம்.

ராமநாதபுரம் மாவட்டத்துல அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ் டாக்டர் நான். நைட் டூட்டி முடிஞ்சு தூக்கம் வராத நாள்ல ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35-ஐத் திறந்து வச்சுட்டு உட்காருவேன். 1966-ல வந்த மாடல். உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு இருக்கும். அது காலப்போக்குல கரைஞ்சு போனா எக்ஸ்போஷர் ஒழுங்கா விழாது. அதை மாத்தி, பிலிமைத் தள்ளும்போது அந்தப் பழைய "டக்" சத்தம் திரும்பக் கேட்டா வர்ற நிம்மதி இருக்கே... அதைப் பத்தி எழுதினா இன்னொரு த்ரெட் ஆகிடும். இந்தப் பொழுதுபோக்கு வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன்.

சொல்ல வந்தது வேற.

கடந்த சில வருஷமா நம்ம கடற்கரை ஊர்களுக்குப் புதுசா ஒரு கூட்டம் வருது. சனி ஞாயிறு ராமேஸ்வரம் வருவாங்க, அரிச்சல்முனை போவாங்க. திரும்புற வழியில பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரைன்னு ஷட்டர் இறக்கின பழைய போட்டோ ஸ்டுடியோவைத் தேடுவாங்க. "அண்ணே, பழைய கேமரா ஏதாவது கெடக்கா?" அண்ணனுக்கு மூட்டு வலி, சுகர், கடன். பரண்ல இருந்து ஒரு யாஷிகா மேட்டையோ, பென்டாக்ஸ் கே1000-ஐயோ இறக்கித் தருவார். ஆயிரமோ ரெண்டாயிரமோ கைமாறும். அடுத்த வாரம் அதே கேமரா "முழுசா ரெஸ்டோர் செய்தது"ன்னு ஆன்லைன்ல பத்து மடங்கு விலைக்கு வந்து நிக்கும்.

லாபம் சம்பாதிக்கிறதுல எனக்குக் கோபம் இல்லை. அது வியாபாரம், போகட்டும்.

அதே பரண்ல கேமராவுக்குப் பக்கத்துல இருந்த அட்டைப் பெட்டிகளை யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லையே, கோபம் அங்கேதான். மஞ்சள் கவர்ல, பட்டர் பேப்பர்ல சுத்தி, நம்பர் போட்டு அடுக்கி வச்ச நெகட்டிவ். முப்பது நாற்பது வருஷத்து முகங்கள். "அது வேண்டாம்ணே, இடத்தை அடைக்கும்." அண்ணன் என்ன பண்ணுவார்? கடையைக் காலி பண்ற அன்னைக்கு மொத்தமும் காயலான் கடைக்குப் போகும்.

காயலான் கடையில ஏன் வாங்குறாங்கன்னு தெரியுமா? வெள்ளிக்காக. கருப்பு வெள்ளை நெகட்டிவ்ல தெரியிற கருப்பு முழுக்க வெள்ளித் துகள்தான். கரைசல்ல ஊறவச்சு வெள்ளியைப் பிரிச்சுடுவாங்க. நம்ம ஆஸ்பத்திரிகள்ல கிடந்த பழைய எக்ஸ்ரே பிலிமுக்கும் இதே கதிதான். கலர் நெகட்டிவ்ல வெள்ளி இருக்காது. கழுவும்போதே வெளியேத்திடுவாங்க, மிஞ்சுறது சாயம் மட்டும். அதனால அதுக்குக் காயலான் கடையில கூட மதிப்பு இல்லை. நேரா குப்பைமேடு.

யாரும் எடுத்துட்டுப் போகலைன்னாலும் கடல் விடாது. நெகட்டிவ்ல பெரும்பாலானது அசிட்டேட் பிலிம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தா அது சிதைஞ்சு அசிட்டிக் அமிலத்தை விடும். பெட்டியைத் திறந்தா வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்துல இருக்கிற நல்ல பிலிமையும் கெடுக்கும். ரண்டு பக்கமும் கடல் இருக்கிற பாம்பன் தீவுல இது எவ்வளவு வேகமா நடக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

"டாக்டர், எல்லா ஊர்லயும்தான் ஸ்டுடியோ மூடிட்டாங்க. இங்க மட்டும் என்ன விசேஷம்?"

இந்தக் கரையில ஒரு முகத்தோட போட்டோ தொலையிறதுக்கு அர்த்தமே வேற.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோச்சு. பாம்பன்ல இருந்து கிளம்பின 653-ம் நம்பர் பாசஞ்சர் நூறு பேருக்கு மேல இருந்த ரயில், ஊருக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடியே அலையில போச்சு. ஸ்டேஷன், தபால் ஆபீஸ், தேவாலயம், வீடுகள்... வீடு போனப்போ சுவர்ல மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவும் சேர்ந்துதானே போயிருக்கும்? தப்பிச்சு இந்தப் பக்கம் வந்தவங்க கையில அப்பா அம்மா படம் இருந்திருக்குமா?

1983-க்கு அப்புறம் படகுல உயிரைக் கையில பிடிச்சுட்டு ராமேஸ்வரம் கரையில இறங்கி மண்டபம் முகாமுக்குப் போன இலங்கைத் தமிழர்கள் கொண்டுவந்தது உடுத்தின துணியும் ஒரு பையும். அவங்கள்ல எத்தனை பேரோட முதல் படம் இந்தக் கரையில ஏதோ ஒரு ஸ்டுடியோ நாற்காலியில எடுத்ததா இருக்கும்? கீழக்கரையில இருந்து வளைகுடாவுக்குப் போனவங்க, கிளம்புறதுக்கு முன்னாடி பிள்ளைகளை வரிசையா நிக்க வச்சு எடுத்த குடும்பப் படம்? சங்கு குளிக்கப் போனவங்க, பாசி எடுக்கப் போற பெண்கள்? இவங்க யாரும் வீட்ல கேமரா வச்சிருந்தவங்க இல்லை. வாழ்நாள்ல ரெண்டு தடவையோ மூணு தடவையோதான் ஸ்டுடியோ படி ஏறியிருப்பாங்க. அந்தப் பிரிண்ட் செல்லரிச்சுப் போனா, அவங்க முகம் இருக்கிற ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

கடலுக்குப் போய்த் திரும்பாதவங்களைப் பத்தியும் சொல்லணும். உடல் கிடைக்காத சாவு இந்தக் கரைக்குப் புதுசு இல்லை. மாலை போட ஒரு படம் வேணும்னு குடும்பம் தேடும்போது கையில இருக்கிறது என்ன? வாக்காளர் அட்டையில இருக்கிற தபால்தலை அளவு முகம். இல்லாட்டி யாரோ கல்யாணத்து குரூப் போட்டோல மூணாவது வரிசையில பாதி மறைஞ்ச தலை. அதை வெட்டிப் பெருசாக்கி, முகமே கலங்கிப் போன ஒரு படத்தைச் சுவர்ல மாட்டி வச்சிருக்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கேன். ஒரு டாக்டரா சொல்றேன், உடலும் இல்லாம முகமும் இல்லாம துக்கத்தை ஆத்துறது ரொம்பக் கஷ்டம். தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு, பசியில்லைன்னு வருஷக் கணக்கா நம்ம ஓபிக்கு வர்றவங்கள்ல இவங்களும் உண்டு.

இப்ப சொல்லுங்க, பாரம்பரியம் எது? கேமராவா?

பென்டாக்ஸ் கே1000 1976-ல இருந்து 1997 வரைக்கும் லட்சக்கணக்குல செஞ்சு தள்ளின கேமரா. இன்னைக்கும் உலகம் பூரா கிடைக்குது. நம்ம நாட்டுலயே செஞ்ச ஆக்ஃபா கிளிக் 3, ஒரு 120 ரோல்ல 12 படம் எடுக்கிற எளிமையான பெட்டி, நடுத்தரக் குடும்பத்துப் பீரோ பலதுல இருந்தது. ஒண்ணு போனா இன்னொண்ணு. அந்த நெகட்டிவ் ஒண்ணே ஒண்ணு.

ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஞாபகம் இருக்கா? 1960-ல ஆரம்பிச்ச பொதுத்துறை நிறுவனம், 1967-ல உற்பத்தி. "இந்து" பிராண்ட் கருப்பு வெள்ளை பிலிம் அங்கதான் வந்துச்சு. ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் போச்சு. அது நலிஞ்சு மூடினதுக்கு இப்ப உருகுறவங்க நிறைய. அந்தக் காலி "இந்து" டப்பாவைக் கூட விலை கொடுத்து வாங்கி ஷெல்ஃப்ல வைக்கிறாங்க. சந்தோஷம். ஆனா அந்த பிலிம்ல பதிவான முகங்களைக் காயலான் கடையில விட்டுட்டு டப்பாவை மட்டும் கொண்டாடுறது என்ன ரசனைன்னு எனக்குப் புரியலை.

அடுத்து இந்த "ரெஸ்டோர் செய்தது" விவகாரம். கடலோரத்துக் கேமராவுல ரெண்டு எதிரி. உப்பு, பூஞ்சை. உப்புக் காத்து ஈரத்தை இழுத்து வச்சு ஷட்டர் இதழையும் திருகையும் துருப்பிடிக்க வைக்கும். லென்ஸ்ல பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படரும். முத்தினா அது விடுற அமிலம் கண்ணாடிப் பூச்சையே அரிச்சுடும். அப்புறம் துடைச்சாலும் தடம் போகாது. ஒருத்தர்கிட்ட (பேர் வேண்டாம்) "சுத்தமான லென்ஸ்"னு வாங்கினதைத் திறந்தேன், முன்பக்கம் பளபள, உள்பக்கம் காடு. மேல்தோலை மாத்தி, மெழுகு போட்டுத் துடைச்சா அது ரெஸ்டோரேஷன் இல்லைங்க, மேக்கப். உண்மையா சரி பண்ற மெக்கானிக் அண்ணன்கள் சில ஊர்ல இன்னும் இருக்காங்க, பெரும்பாலும் வாட்ச் ரிப்பேரும் சேர்த்துப் பார்ப்பாங்க. அவங்ககிட்ட பேரம் பேசாம கூலி கொடுங்க.

ஆமா, கேமராவை அரிசி டப்பாவுல போட்டு வைக்கச் சொல்ற வீடியோவை நம்பாதீங்க. அரிசி மாவுத் தூசி பூஞ்சைக்கு விருந்து. காத்துப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

டாக்டரா இருந்துட்டு இதையும் சொல்லாமப் போனா தப்பு. பழைய கேமரா அடியில 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி கிடக்கலாம். உடைக்காதீங்க, நெருப்புல போடாதீங்க, சத்தியமா கடல்ல எறியாதீங்க. மினமாட்டான்னு ஒரு ஜப்பான் ஊர் பாதரசம் கலந்த மீனைத் தின்னு பட்ட பாட்டுலதான் 2013-ல உலக ஒப்பந்தமே வந்துச்சு. இந்தியாவும் 2018-ல ஏத்துக்கிச்சு. நாம மீன் சாப்பிடுற ஊர்க்காரங்க. புது பட்டன் பேட்டரி போடுறவங்க வீட்ல குழந்தை இருந்தா இன்னும் கவனம். முழுங்கி உணவுக்குழாய்ல சிக்கினா ரெண்டு மணி நேரத்துலயே திசு வெந்துடும். வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரி. ஃபிளாஷ் உள்ள கேமராவைத் திறக்கும்போது பேட்டரியைக் கழட்டிட்டோமேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல முந்நூறு வோல்ட் வரைக்கும் தங்கியிருக்கும். தோரியம் கலந்த லென்ஸால கேன்சர் வருமான்னு இன்பாக்ஸ்ல கேட்கிறவங்களுக்கு: அதை வச்சுப் படம் எடுக்கிறதால வர்ற கதிர்வீச்சு ரொம்பக் குறைவு. கண்ணாடியைத் தேய்ச்சுப் பொடியாக்கி மூக்குக்குள்ள இழுக்காம இருந்தா சரி.

தனுஷ்கோடியில பிலிம் ஷூட் பண்ற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. இடிஞ்ச தேவாலயத்து முன்னாடி "விண்டேஜ் மூட்". பிலிம், கழுவுற கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து என் கணக்குல ஒரு கிளிக் நாற்பது ரூபாய்க்கு மேல. முப்பத்தாறு கிளிக்கும் அந்தச் செங்கல்லுக்கே. பக்கத்துலயே கருவாடு காயவச்சுட்டு, சங்கும் சிப்பியும் வித்துட்டு இருக்கிற ஆத்தாவை, அவங்க சம்மதத்தோட ஒரு கிளிக் எடுத்து, பிரிண்ட் போட்டு அடுத்த தடவை வரும்போது கையில கொடுத்தா என்ன குறைஞ்சுடும்? காசு வாங்காம.

"நீங்க மட்டும் என்ன பண்றீங்க டாக்டர்"னு கேட்பீங்க. கேட்கணும். ஸ்டுடியோக்காரர்கிட்ட கேமரா வாங்கினா பெட்டியையும் சேர்த்துக் கேட்கிறேன், அதுக்குத் தனியா விலையும் கொடுக்கிறேன். தர மனசில்லைன்னா அங்கேயே உட்கார்ந்து போன்ல படம் பிடிச்சுக்கிறேன். பின்னாடி வெள்ளைத் திரை காட்டுற டேப்லெட், மேல நெகட்டிவ், போன்ல ஒரு கிளிக், நிறத்தைத் திருப்பினா முகம் வந்துடும். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஓரத்தை மட்டும் பிடிக்கணும், துணியால தேய்க்கக் கூடாது, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பேப்பர் கவர் போதும். வினிகர் வாடை வர்றதை முதல்ல பிரிச்சுத் தனியா வச்சு, அதைத்தான் முதல்ல படம் பிடிக்கணும்.

முகங்களை ரீல்ஸ்ல போட்டு லைக் வாங்காதீங்க. அது அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். ஸ்டுடியோ அண்ணன் உயிரோட இருக்கும்போதே நம்பர் நோட்டை வச்சுட்டு "இது யாருண்ணே, எந்தத் தெரு"ன்னு கேட்டு எழுதிக்கங்க. அவர் போயிட்டா அந்த நம்பருக்கு அர்த்தம் சொல்ல ஆள் இல்லை.

இது நடக்காத காரியமும் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போய்ப் படங்களை டிஜிட்டல் பண்ணியிருக்கு. ஆனா எல்லா ஊருக்கும் அவங்களே வர முடியாது. நம்ம மாவட்டத்துல தொண்டியில இருந்து ஏர்வாடி வரைக்கும் ஒரு நூலகத்துல ஒரு அலமாரி, ஒரு ஸ்கேனர், ரெண்டு ஆள். ஒரு பிரபலத்துக்கு வைக்கிற கட்அவுட் செலவுல முடியிற வேலை. மாவட்ட நிர்வாகத்துல யாராவது இதைப் படிச்சா யோசிங்க.

இப்போதைக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கரையில மூடின, மூடப் போற ஸ்டுடியோ உங்களுக்குத் தெரிஞ்சா கமெண்ட்ல ஊர் பேரை மட்டும் போடுங்க. ஆள் பேர், போன் நம்பர் இன்பாக்ஸ்ல. எனக்கு டூட்டி இல்லாத ஞாயிறுகள்ல நான் வர்றேன். கேமராவை நீங்களே வச்சுக்கங்க.


பொது மருத்துவர்
ராமநாதபுரம்