சிறுவாடும் பேரேடும்

அரசு நடத்தும் சேமிப்பு வங்கியின் நிர்வாகச் செலவு, அதில் சேரும் பணத்தின் அளவைக் காட்டிலும், கணக்குகளின் எண்ணிக்கையையும் வரவு பற்றுகளின் எண்ணிக்கையையுமே பெரிதும் பொறுத்தது. பத்து ரூபாய் கட்டுகிறவருக்கும் பத்தாயிரம் கட்டுகிறவருக்கும் பேரேட்டில் ஒரு வரி, பாஸ் புத்தகத்தில் ஒரு முத்திரை என்றே வேலை அமைவதால், ஏழைகளுக்கென்று தொடங்கப்பட்ட வங்கி தன் நோக்கத்தில் வெல்ல வெல்ல, நூறு ரூபாய்க்கு இவ்வளவு செலவு என்னும் கணக்கில் அது ஊதாரியாகவே தெரியும்.

1861இல் பிரிட்டனின் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அஞ்சலகச் சேமிப்பு வங்கிக்குச் சட்டம் கொண்டுவந்தபோது வட்டி ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு என வைக்கப்பட்டது. ஒரு பவுனுக்கு 240 பென்னி என்றிருந்த அக்கால நாணய முறையில், அது பவுனுக்கு மாதம் அரை பென்னியாக வருவதால் எழுத்தர் மனக்கணக்கிலேயே போட்டுவிட முடிந்தது. முழுப் பவுனுக்கும் முழு மாதத்துக்கும் மட்டுமே வட்டி என்ற விதி வேலையை மேலும் குறைத்தது. ஆனால் பவுனுக்கு ஒரு ஷில்லிங் குறைவாக, பத்தொன்பது ஷில்லிங் வைத்திருந்தவருக்கு வட்டியே இல்லை. குறைந்தது ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி, கட்ட வேண்டியிருந்த நிலையில், 1880இல் அஞ்சல் துறைத் தலைவர் ஹென்றி ஃபாசெட் கொண்டுவந்த ஏற்பாடு இதனினும் மேலானது: ஒரு பென்னி அஞ்சல்தலைகளைப் படிவத்தில் ஒட்டிவந்து, பன்னிரண்டு சேர்ந்ததும் கொடுத்தால் அது ஒரே வரவாகப் பதிவாகும். பன்னிரண்டு பதிவுகளின் செலவு ஒன்றாகச் சுருங்கியது. பென்னி பென்னியாகச் சேர்ப்பவரும் வெளியே நிறுத்தப்படவில்லை.

இந்தியாவில் 1882 முதல் இயங்கிவரும் அஞ்சலகச் சேமிப்பு வங்கியில், பணம் நிதி அமைச்சகத்தின் பொறுப்பு, வேலை அஞ்சல் துறையுடையது. ஆகவே கணக்குகளைப் பேணுவதற்கான ஊதியத்தை அத்துறைக்கு அரசே தருகிறது. 1999இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய சிறுசேமிப்பு நிதியில் இது நிர்வாகச் செலவாகச் சேர்கிறது. 2019 டிசம்பரில் சேமிப்புக் கணக்கின் குறைந்தபட்ச இருப்பு 50 ரூபாயிலிருந்து 500 ஆக உயர்த்தப்பட்டது. அது குறைந்தால் ஆண்டிறுதியில் பராமரிப்புக் கட்டணம் பிடிக்கப்பட்டு, இருப்பு தீர்ந்தால் கணக்கும் மூடப்படும். ஃபாசெட்டின் படிவம் செலவைக் குறைத்து ஏழையை உள்ளே அழைத்தது. இந்த விதியோ செலவைக் காரணம் காட்டி அவரையே வெளியேற்றுகிறது. கிளை அஞ்சலகம் இல்லாவிட்டால் கிராமத்துப் பெண் நகர வங்கிக்குப் போய்வரச் செலவிடும் பேருந்துக் கட்டணமும் இழக்கும் ஒரு நாள் கூலியும் எந்த அரசுக் கணக்கிலும் ஏறுவதில்லை; நிர்வாகச் செலவு மிகுதி என்று சொல்லும்போது அவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.