பயிற்சியைக் குறைத்தது யாருக்காக?

நான்கு ஆண்டுக்கு மட்டும் படைக்கு ஆள் சேர்க்கும் அக்னிபாத் திட்டத்தின் குறைகளை எழுதி எழுதிச் சலித்துவிட்டது. ஓய்வூதியம் கிடையாது. நான்கு பேரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை. மற்ற மூவரும் 11.71 லட்சம் ரூபாயை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் சேர்ந்த முதல் அணிக்கு அந்தக் கெடு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் வருகிறது. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால், 2022 ஜூன் 14 அன்று மத்திய அரசு எடுத்த முடிவில் மன்னிக்க முடியாத பிழை பணத்தைப் பற்றியது அல்ல. பயிற்சிக் காலத்தில் கைவைத்ததுதான் அது.

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், மேலூர் பக்கத்துப் பையன்கள் விடியும் முன்பே கண்மாய்க்கரையில் ஓடுகிறார்கள். 1.6 கிலோமீட்டர் ஓட்டம், ஒன்பது அடிப் பள்ளம், கம்பியில் பத்து முறை தொங்கி எழுவது எனத் தங்களைத் தாங்களே தயார்படுத்திக்கொண்டுதான் ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகிறார்கள். உடம்பில் குறை இல்லை, மனதிலும் இல்லை. ஆனால் துப்பாக்கியைக் கையாள்வதும், இருட்டில் ரோந்து போவதும், எதிரே குண்டு பாயும்போது மேலதிகாரியின் குரலுக்குக் காத்திருப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுடக்கூடாத நேரத்தில் சுடாமல் இருப்பதும் கண்மாய்க்கரையில் வராது. அதற்குத்தான் பயிற்சி மையம். மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன் இருக்கிறது. அங்கே கற்றுக்கொடுக்க ஆளும் இருக்கிறார்கள். நாட்களைத்தான் குறைத்துவிட்டார்கள். பயிற்சியையும் சேர்த்துத்தான் நான்கு ஆண்டு. அதில் விடுமுறையைக் கழித்து, கடைசி ஆண்டில் 'தேறுவோமா, திரும்புவோமா' என்று தவிக்கும் மாதங்களையும் கழித்தால், படைப்பிரிவோடு ஒட்டிப் பழக எத்தனை நாள் மிஞ்சும்? பதம் வராத நாற்றைப் பறித்து நடும் சம்சாரி எந்த ஊரிலும் கிடையாது.

எல்லைக் காவலுக்கே இந்தத் தயாரிப்பு போதாது. கடல் கடந்து அனுப்பும் பணிக்கு எப்படிப் போதும்? ஐ.நா. அமைதிப் படைக்குத் தொடர்ந்து வீரர்களை அனுப்பும் முன்னணி நாடுகளில் நம் நாடும் ஒன்று. 1950-ல் கொரியாவுக்குப் போன நம் பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ் தமிழர். அந்தப் பெருமையைச் சொல்லித்தான் இன்றைக்கும் தெற்கு சூடானுக்கும் காங்கோவுக்கும் லெபனானுக்கும் பிள்ளைகளை அனுப்புகிறோம். அங்கே மொழி தெரியாது. யார் பொதுமக்கள், யார் ஆயுதக் குழு என்று சட்டென்று பிரித்தறிய முடியாது. 2013 ஏப்ரலில் தெற்கு சூடானின் ஜோங்லேயில் பதுங்கித் தாக்கியவர்களால் ஐந்து இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அகோபோ முகாமில் தஞ்சமடைந்த மக்களைக் காத்து நின்ற இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே போவதற்கு முன் தரவேண்டிய பயிற்சி, ஆட்களை அனுப்பும் நாட்டின் பொறுப்பு. அதற்கெனத் தில்லியில் தனி மையமே இருக்கிறது. ஆனால் அந்த மையம் தருவது மேல்கட்டு. அடித்தளம் ரெக்ரூட்டாக இருந்த மாதங்களில் போடப்பட வேண்டும். அதைச் சுருக்கிவிட்டு மேல்கட்டை நம்பச் சொல்கிறார்கள்.

தயார்படுத்தாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பது தில்லியில் முடிவெடுக்கும் நாற்காலிகளுக்குத் தெரியாததல்ல. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியபோது, அமைதி காக்கத்தான் போகிறோம் என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட படைகளுக்குச் சரியான வரைபடம்கூட இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் முப்பது பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார், அவரும் கைதியானார். 1990 மார்ச்சில் திரும்பி வருவதற்குள் சுமார் 1,200 பேரைப் பறிகொடுத்தோம். அங்கே இறந்த தமிழ்ப் பொதுமக்களுக்கும் அந்தத் தயாரின்மையே எமனானது. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம் அதை மறக்க முடியாது. அதற்கும் முன்னால், 1962 சீனப் போரில், நம்கா சூ பள்ளத்தாக்குப் பனியில் நம் வீரர்களைப் பருத்திச் சீருடையோடும் கேன்வாஸ் ஷூவோடும் நிறுத்தினார்கள். ஆட்கள் மாறினார்கள், தவறு மாறவில்லை. முடிவெடுத்தவர்கள் யாரும் அந்தப் பள்ளத்தாக்கிலோ அந்த மைதானத்திலோ நிற்கவில்லை.

இந்தத் திட்டத்தின் தொடக்கத்தையே பாருங்கள். கொரோனாவைக் காட்டி இரண்டு ஆண்டு ஆள்சேர்ப்பை நிறுத்தினார்கள். அதற்கு முன்பே உடல் தேர்விலும் மருத்துவத் தேர்விலும் தேறி, எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்த இளைஞர்களின் உழைப்பை ஒரே அறிவிப்பில் குப்பையில் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் வயது வரம்பை 23 ஆக்கிவிட்டு, பெருந்தன்மை காட்டியதாகப் பேசினார்கள். கேட்டவர்களை அவசரக்காரர்கள் என்றார்கள். உண்மையில் அவசரப்பட்டவர்கள் யார்? ஓய்வூதியச் செலவு கூடுகிறது என்ற கவலையில், சிப்பாயின் உயிரைக் காக்கும் மாதங்களையும் செலவுக் கணக்கில் கழித்தவர்கள்தான்.

இந்த முடிவை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். பயிற்சியின் நீளத்தைப் பட்ஜெட் தீர்மானிக்கக் கூடாது. அனுபவமுள்ள படைத் தளபதிகளும் பயிற்றுநர்களும் தீர்மானிக்கட்டும். அயல்மண்ணுக்குப் போகும் எவரும் முழுத் தயாரிப்போடு மட்டுமே விமானம் ஏற வேண்டும். அதற்கு எந்த வழி சரி என்பதைப் பாராளுமன்றம் வெளிப்படையாக விவாதிக்கட்டும். 48 லட்சம் ரூபாய் காப்பீடு இருக்கிறது என்பது பதில் ஆகாது. பிள்ளை உயிரோடு திரும்புவதற்கு என்ன செய்தீர்கள் என்பதே மதுரைச் சீமையின் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இனி ஒரு முகாமுக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை அழைக்க உங்களுக்கு உரிமை இல்லை.