உத்திரமேரூர் குடவோலை முதல் ஏஜென்ட் விக்ரம் வரை: விக்கிப்பீடியாவில் எது சரி என்று முடிவு செய்வது யார்?

தேர்தல் சீசன் வந்தாலே ஒரு ஊர்ப் பெயர் செய்திகளில் தலைகாட்டும். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் உத்திரமேரூர். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி இந்த ஊர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். 2023 ஜனவரி ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியிலும் பேசினார். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் சுற்றாத ஃபார்வர்டு இல்லை. ‘உலகின் முதல் தேர்தல்’, ‘உலகின் முதல் அரசியல் சாசனம்’ என்று ஆளுக்கொரு பட்டம்.

இது உண்மையா என்று பார்க்க நாம் என்ன செய்கிறோம்? போனை எடுத்துத் தேடுகிறோம். முதலில் வருவது பெரும்பாலும் விக்கிப்பீடியா, அல்லது விக்கிப்பீடியாவைப் படித்துவிட்டு ஏ.ஐ. எழுதித் தரும் சுருக்கம். சரி, அந்தப் பக்கத்தை எழுதினது யாரு? யாரு சரிபார்த்தாங்க? தப்பா இருந்தா யாரைக் கேட்கிறது?

இந்தக் கேள்விகள் நீதிமன்றம் வரை போய்விட்டன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம். கல்வெட்டை வைத்துத் தொடங்கினால் ஊர்ப்பாசம் குறுக்கே வரும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஒற்றன் கதையை எடுத்துக்கொள்வோம்.

ஒரு நாவலுக்குப் பக்கம் எழுதுவது எப்படி?

சுஜாதாவின் ‘விக்ரம்’. ‘அக்னிபுத்ரா’ என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது, அதை மீட்க ஏஜென்ட் விக்ரம் சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறான். கமல்ஹாசன் நடித்த படம் 1986-ல் வெளியானது. கதை குமுதத்தில் தொடராகவும் வந்தது. 2022-ல் லோகேஷ் கனகராஜ் அதே பெயரில் படம் எடுத்ததும், பழைய விக்ரமைத் தேடிப் படித்தவர்கள் ஏராளம்.

இந்த நாவலுக்கு நீங்கள் ஒரு விக்கிப் பக்கம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் ‘பதிப்பி’ பொத்தானை அழுத்திய பிறகுதான் கதை தொடங்குகிறது. நாலு கேள்விகள் உங்களைத் துரத்தும்.

முதல் கேள்வி: இந்த நாவல் குறிப்பிடத்தக்கதா? ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது பதில் ஆகாது. எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் தொடர்பில்லாத ஆட்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். விமர்சனம், ஆய்வுக் கட்டுரை, பத்திரிகைச் செய்தி, எதுவானாலும் சரி. விளம்பரம் கணக்கில் வராது.

இரண்டாவது: ஆதாரம் எங்கே? கதைச்சுருக்கத்துக்கு நாவலே ஆதாரம். ஆனால் ‘தமிழில் ஒற்றன் கதைகளின் போக்கையே மாற்றிய நாவல்’ என்று எழுதினால், அதை யார் சொன்னது என்று காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ‘மேற்கோள் தேவை’ என்று குறி விழும். கொஞ்ச நாளில் வரியே காணாமல் போகலாம்.

மூன்றாவது: நடுநிலையாக இருக்கிறதா? ‘ஒப்பற்ற’, ‘மாபெரும்’, ‘வாத்தியார்’ எல்லாம் ரசிகர் மன்றத்துக்குச் சரி. கலைக்களஞ்சியத்தில் வேலைக்கு ஆகாது. பாராட்டு இருந்தால் பாராட்டியவர் பெயரோடு வரட்டும், விமர்சனம் இருந்தால் அதுவும் வரட்டும்.

நான்காவது: உங்கள் சொந்த வார்த்தையா? சுஜாதா 2008-ல் காலமானார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. நாவலின் பத்திகளை அப்படியே எடுத்துப் போட முடியாது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கதை வேறு. அது நாட்டுடைமையானதால் முழு நாவலையும் விக்கிமூலத்தில் படிக்கலாம்.

கிளைமாக்ஸைச் சொல்லலாமா?

ஒற்றன் நாவல் என்றதும் வரும் சண்டை இது. யார் துரோகி, யார் இரட்டை ஏஜென்ட் என்பதை விக்கிப் பக்கத்தில் போட்டு உடைத்துவிட்டால் படிப்பவருக்குச் சப்பென்று ஆகாதா?

ஆகும். ஆனாலும் உடைக்கலாம் என்பதுதான் ஆங்கில விக்கிப்பீடியாவின் நிலை. சஸ்பென்ஸ் போய்விடும் என்ற ஒரே காரணத்துக்காகத் தகவலை நீக்கக் கூடாது. அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்ட்ராப்’ நாடகத்தில் கொலையாளி யார் என்பது அங்கே எழுதப்பட்டிருப்பதை அவருடைய குடும்பம் 2010-ல் எதிர்த்தது. விக்கிப்பீடியா அசையவில்லை. கலைக்களஞ்சியத்தின் வேலை தகவல் தருவது, ரகசியம் காப்பது அல்ல என்பது வாதம்.

அதற்காக அத்தியாயம் அத்தியாயமாகக் கதை சொல்லவும் முடியாது. நாவல் கட்டுரைகளில் கதைச்சுருக்கம் 400 முதல் 700 சொற்களுக்குள் இருப்பது நல்லது என்பது ஆங்கில விக்கியின் வழிகாட்டுதல். மிச்ச இடம் நாவல் எப்படி உருவானது, எப்படி வரவேற்கப்பட்டது என்பதற்குத்தான்.

இரண்டு உண்மைகளைச் சேர்த்தால் ஒரு பொய் வருமா?

இந்தியாவின் அக்னி ஏவுகணை முதன்முதலில் 1989 மே மாதம் சோதிக்கப்பட்டது. ‘விக்ரம்’ 1986-லேயே ‘அக்னிபுத்ரா’ என்று பெயர் வைத்துவிட்டது. இரண்டுமே உண்மை. உடனே ஒருவர் பக்கத்தில் எழுதுகிறார்: ‘அக்னி ஏவுகணையை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கணித்தவர் சுஜாதா.’

படிக்க கெத்தாக இருக்கும். ஆனால் நிற்காது. ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது 1983-ல். அப்படியென்றால் அது கணிப்பா, செய்தி படித்த எழுத்தாளரின் கற்பனையா, தற்செயலா? நமக்குத் தெரியாது. நம்பகமான ஒருவர் ஆராய்ந்து எழுதியிருந்தால் அவர் பெயரோடு சேர்க்கலாம். இல்லாவிட்டால் விக்கி இதை ‘சொந்த ஆய்வு’ என்று ஒதுக்கிவிடும். இரண்டு சரியான தகவல்களுக்கு நடுவே நாமாக ஒரு பாலம் கட்டினால் அதுவும் சொந்த ஆய்வுதான்.

நமக்கு வரும் ஃபார்வர்டுகளில் பாதி இந்த ரகம். தகவல் சரியாகவே இருக்கும், ‘ஆகவே’ என்று தொடங்கும் வரிதான் தப்பாக இருக்கும்.

சரி, யார் மேற்பார்வை?

‘எடிட்டர் யாரு?’ என்று கேட்டால் ஒருவரைக் காட்ட முடியாது. ஆனால் சரிபார்க்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன.

• வரலாறு: ஒவ்வொரு பக்கத்திலும் ‘வரலாறு’ என்று ஒரு பகுதி உண்டு. யார், எந்த நேரத்தில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது முழுக்க அங்கே கிடக்கும்.

• உரையாடல் பக்கம்: சண்டை எல்லாம் இங்கேதான். பொதுவான விஷயங்களைப் பேச தமிழ் விக்கியில் ஓர் இடம் இருக்கிறது. பெயர் ‘ஆலமரத்தடி’. முடிவு வாக்கு எண்ணிக்கையால் அல்ல, வாதத்தின் வலுவால் எடுக்கப்பட வேண்டும் என்பது விதி.

• மீளமைப்பு: தவறான மாற்றத்தை யாரும் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம். ஆங்கில விக்கியில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் இப்படிச் செய்தால் உங்களைத் தடை செய்ய முடியும். நீங்கள் சொல்வது சரியாகவே இருந்தாலும்!

• தர மதிப்பீடு: ஆங்கில விக்கியில் ‘நல்ல கட்டுரை’ முத்திரை வேண்டுமென்றால், அந்தப் பக்கத்தை எழுதாத இன்னொருவர் ஆறு அளவுகோல்களை வைத்துச் சோதிப்பார். ‘சிறப்புக் கட்டுரை’ ஆக வேண்டுமென்றால் பலர் சேர்ந்து வாரக்கணக்கில் அலசுவார்கள். சில மேற்கோள்களை எடுத்து, அந்த நூலில் உண்மையிலேயே அப்படி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். 2025-ல் அங்கே கட்டுரைகள் 70 லட்சத்தைத் தாண்டின. சிறப்புக் கட்டுரைகள் சில ஆயிரம்தான்.

இப்போது உத்திரமேரூருக்கு வருவோம்

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பவை முதலாம் பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டுகள். ஆண்டு பொ.ஆ. 919 மற்றும் 921. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். ஓலையை மாற்றிவிடக் கூடாதே!

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும் வர முடியாது. 919-ல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தி 35 முதல் 70 ஆக்கினார்கள். விதியையே திருத்தி, திருத்தியதையும் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் கல்வெட்டில் இருப்பது. ‘உலகின் முதல் தேர்தல்’ என்ற வரி கல்வெட்டில் இல்லை. ஏதென்ஸ் நகரத்தில் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே குலுக்கல் முறையில் மன்றத்துக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். அதோடு உத்திரமேரூர் சபை பிராமணர் குடியிருப்பின் சபை. நில உடைமையும் வேதக் கல்வியும் தகுதியாகக் கேட்கப்பட்டன. ஊரில் இருந்த மற்றவர்களின் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. எனவே நல்ல கட்டுரை என்ன செய்ய வேண்டும்? கல்வெட்டு சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும். ‘முதல்’ என்று சொன்னவர் யாரோ, அவர் பெயரைப் போட வேண்டும். விடுபட்டவர்கள் யார் என்பதையும் எழுத வேண்டும். இப்படி எழுதுவதால் ஊரின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. கணக்கு கேட்கும் விதியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டியது போதாதா?

நீதிமன்றத்தில் என்ன நடந்தது?

2024 ஜூலையில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், தன்னைப் பற்றிய பக்கத்தில் இருப்பவை அவதூறு என்று விக்கிமீடியா அறக்கட்டளை மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு போட்டது. 2 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது. பக்கத்தைத் தொகுத்த பயனர்களின் விவரங்களும் கேட்கப்பட்டன. இந்த வழக்கைப் பற்றியே ஒரு விக்கிப் பக்கம் வந்தது. அதை நீக்கச் சொல்லி அக்டோபரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, பக்கமும் எடுக்கப்பட்டது. 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நீதிமன்ற நடவடிக்கைகள் பற்றிய பொது விவாதத்துக்கு இடம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இதில் இரண்டு பக்க நியாயமும் உண்டு. ஒருவரைப் பற்றித் தவறாக எழுதிவிட்டு, எழுதியது யார் என்றே தெரியாது என்றால் பாதிக்கப்பட்டவர் எங்கே போவார்? மறுபக்கம், சம்பளம் இல்லாமல் எழுதும் ஒரு தன்னார்வலர் வீட்டுக்கு சம்மன் வரும் என்றால் அடுத்த ஆள் எழுத வருவாரா? நாவல் பக்கத்தில் இந்தப் பயம் குறைவு. அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றிய பக்கத்தில்தான் இது கடிக்கும்.

ஏ.ஐ. வந்த பிறகு இது எதற்கு?

இங்கேதான் பிரச்சினை பெரிதாகிறது. ஏ.ஐ. கருவிகள் கற்றுக்கொள்ளும் இடங்களில் விக்கிப்பீடியா முக்கியமானது. ஆனால் பதில் அங்கேயே கிடைத்துவிடுவதால் மூலப் பக்கத்துக்கு ஆள் வருவது குறைகிறது. மனிதர்கள் பார்க்கும் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட சுமார் 8 சதவீதம் குறைந்ததாக 2025 அக்டோபரில் விக்கிமீடியா அறக்கட்டளை சொன்னது. படிக்க வருபவர் குறைந்தால் திருத்த வருபவரும் குறைவார்.

இன்னொரு பக்கம், ஏ.ஐ. எழுதிய கட்டுரைகள் விக்கிக்குள்ளேயே வருகின்றன. இல்லாத புத்தகம், இல்லாத பக்க எண், இல்லாத விமர்சகர் எல்லாம் மேற்கோளில் இருக்கும். இப்படி யாரும் படித்துப் பார்க்காமல் போடப்பட்ட கட்டுரைகளை விரைவாக நீக்க 2025 ஆகஸ்டில் ஆங்கில விக்கி தனி விதி கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் கண்காணிக்க நிறைய கண்கள் இருக்கின்றன. தமிழில் தொடர்ந்து எழுதுபவர்கள் ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. தமிழில் ஒரு தவறு நுழைந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்க முடியும். அதைப் படித்து ஏ.ஐ. சொல்லும், அதைக் கேட்டு நாம் ஃபார்வர்டு செய்வோம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• ஒரு வரியைப் பகிரும் முன் அதன் பக்கத்தில் மேற்கோள் எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழுத்திப் பாருங்கள். அந்த மூலம் அதைத்தான் சொல்கிறதா?

• பரபரப்பான பக்கம் என்றால் ‘வரலாறு’, ‘உரையாடல்’ இரண்டையும் ஒரு நிமிடம் புரட்டுங்கள். எந்த வரியில் தகராறு என்பது தெரிந்துவிடும்.

• ஆதாரம் இணையத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதழ் பெயர், தேதி, பக்க எண் சரியாக இருந்தால் அச்சு இதழும் ஆதாரமே. சென்னை கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இதற்கு நல்ல இடங்கள். வீட்டுப் பரணில் பைண்டு செய்த பழைய தொடர்கதைகள் இருந்தால் அவையும் உதவும்.

• முதல் முறை எழுதுகிறீர்களா? ‘மணல்தொட்டி’யில் பழகுங்கள். அங்கே தப்பு செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

• உங்கள் ஊர், உங்கள் நிறுவனம், உங்கள் சொந்தக்காரர் பற்றிய பக்கம் என்றால் நேரடியாக மாற்றாமல் உரையாடல் பக்கத்தில் சொல்லுங்கள்.

குடத்தில் ஓலை போட்ட காலத்தில் எல்லோரும் உள்ளே வர முடியவில்லை. விக்கியில் யாரும் வரலாம், ஆனால் வருபவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேர் எழுதுவதுதான் நாளைக்கு உங்கள் போன் உங்களுக்குச் சொல்லப்போகும் பதில்.